கல்லட்டி வளைவில் நிற்காமல் போன மகனுக்கு

தயாளா,

உனக்கு மட்டும் எழுத வேண்டியதை ஊரே படிக்கும்படி ஒரு வாரப் பத்திரிகைக்கு எழுதி அனுப்புகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன் முகவரி என்னிடம் இல்லை. இங்கே பாதிப் பேர் கைக்கு செல்போன் வந்துவிட்டது, உன்னிடம் அதுவும் கிடையாது. உன்னைத் தேடிப் போன இடங்களில் ஒன்றைக் கவனித்தேன். டீக்கடையோ சலூனோ சைக்கிள் கடையோ, எங்கே போனாலும் பெஞ்சின் மேல் பழைய வாரப் பத்திரிகை ஒன்று எண்ணெய்க் கறையோடு கிடக்கிறது. மழைக்கு ஒதுங்கும்போதோ, டியூபுக்கு ஒட்டுப் போடக் காத்திருக்கும்போதோ, என்றைக்காவது அப்படி ஒன்றை நீ புரட்டுவாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். வேறு வழி எல்லாம் பார்த்துவிட்டேன். போலீஸ் ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்தேன். "இருபத்திரண்டு வயசுப் பையன், தானா கெளம்பிப் போயிக்கிறான். நாங்க இன்னா சார் பண்றது?" என்று அங்கே இருந்த ரைட்டர் கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. தொலைந்து போன பிள்ளையைத் தேடித் தருவார்கள். அப்பன் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் போன பிள்ளையை யார் தேடித் தருவார்கள்?

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. உன் அம்மா என்னோடு சண்டை போடவில்லை. போட்டால் தேவலை. நேரத்துக்குச் சமைக்கிறாள், தட்டை வைக்கிறாள், நான் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை அந்தப் பக்கம் வருவதில்லை. நடந்ததை எல்லாம் அவளிடம் சொல்லிவிட்டேன். உனக்குத் தெரியாத ஒன்றையும் சொன்னேன். உனக்குத்தான் இன்னும் சொல்லவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் திருவள்ளூர் சாலையில் மாவட்டச் சைக்கிள் போட்டி நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? காலையில் கிளம்பும்போது பின்சக்கரத்தில் காற்று இல்லை. நீ வாசலில் குந்தி உட்கார்ந்து பதறிப் பதறி டியூபை உருவினாய். ஒட்டுப் போட்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். இருந்தாலும் ஓட்டினாய். கடைசியாக வந்தாய். சாயங்காலம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "ரோட்டுல முள்ளுப்பா, நேத்தே ஏறிக்கும்போல" என்றாய். அது முள் இல்லை. உன் அம்மாவின் சேப்டி பின். நான்தான் குத்தினேன். நீ ரோட்டைக் குறை சொன்னபோது, ஆமாம் என்று நானும் தலையாட்டினேன்.

ஏன் குத்தினேன் என்று சொல்வதால் அது சரியாகிவிடாது. ஆனாலும் சொல்ல வேண்டும். அதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் மொபெட்டில் உன் பின்னால் வந்தேன். உனக்குத் தெரியாது. ஒரகடம் தாண்டியதும் ஒரு கன்டெய்னர் லாரி உன்னை முந்தியது. நீ அதை விடவில்லை. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டாய். லாரி இழுக்கிற காற்றுக்குள் போனால் வேகம் கிடைக்குமாம், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று நான் பார்த்தது லாரியின் பின்பக்கத்துக்கும் உன் முன்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு கை அகலம் இடைவெளி மட்டும்தான். டிரைவர் ஒரு நாய்க்காக பிரேக்கை மிதித்தாலும் போதும். நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும், லாரிக்குப் பின்னால் போகாதே என்று உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னைப் பின்தொடர்ந்து வந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பயத்தைப் பயம் என்று சொல்லத் தெரியாமல் அதைக் கோபமாகவும் கண்டிப்பாகவும் காட்டியே என் காலம் போய்விட்டது. நீயாவது பயந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடு. அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

நம் பக்கம் எல்லாம் தரை மாதிரி சமம். நம் ஊர் மண்ணூரிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை ஒன்றுதான் உனக்கு மலை. நீயும் நம் மாடி அறையில் குடியிருக்கும் இசக்கியும் அந்தக் கரையில் ஏறுவதும் இறங்குவதும் மறுபடி ஏறுவதுமாக இருந்ததை மாடு மேய்க்கிறவர்கள் பார்த்துவிட்டு வந்து, "உன் புள்ளைக்கு இன்னா ஆச்சு, கரைய அளந்துகினு கீறான்" என்று என்னிடம் கேட்பார்கள். எனக்கு அவமானமாக இருக்கும். புதுப்பேட்டையில் பழைய சைக்கிள் பிரேம் ஒன்றைத் தேடிப் பிடித்து, வளைந்த ஹேண்டிலை வேறெங்கிருந்தோ கொண்டுவந்து, இரண்டு பேரும் மாடியில் உட்கார்ந்து அந்த வண்டியைச் சேர்த்தீர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த பையன், சம்பளம் வாங்கி ஊருக்கு அனுப்பாமல் உன்னோடு சேர்ந்து பல்சக்கரம் தேய்க்கிறானே என்று அவன் மேலும் எனக்கு எரிச்சல். ஒரு நாள்கூட மாடிக்கு ஏறி வந்து, என்னடா செய்கிறீர்கள் என்று பார்க்கவில்லை.

நான் வேலை பார்க்கும் கம்பெனியில், ஆட்களின் வருகையைக் கணக்கு வைக்கும் டைம் ஆபீஸ் குமாஸ்தா என்பது உனக்குத் தெரியும். நீ அங்கே டிரெய்னியாகச் சேர்ந்த பிறகு, உன் பஞ்சிங் கார்டும் என் கையைத் தாண்டித்தான் போனது. போட்டிக்குப் போன ஒவ்வொரு நாளும் உன் கார்டில் ஒரு வெற்றுக் கட்டம். அதை நான்தான் எண்ணி மேலே அனுப்ப வேண்டும். எத்தனை பிள்ளைகள் இரண்டு வருஷம் டிரெய்னியாக இருந்து, கட்டம் வெறுமையாக இருந்த ஒரே காரணத்துக்காக வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெற்கிலிருந்து வந்த பையன்கள் அட்டைப் பெட்டியும் பாயுமாகப் போவதை கேட்டில் நின்று பார்த்திருக்கிறேன். உனக்கு அது வரக் கூடாது என்பதைத் தவிர அப்போது என் தலையில் வேறொன்றும் இல்லை. பர்சனல் ஆபீசரிடம் போய் நின்றேன். "ஒங்க பையன்னுதான் சொல்றேன். இனிமே ஒரு நாள் லீவு போட்டாலும் பர்மனென்ட் லிஸ்ட்ல பேர் வராது" என்றார் அவர்.

அந்த வாரம்தான் ரிஜிஸ்டர் தபால் வந்தது. எனக்கு அன்று இரண்டாவது ஷிப்ட். நீ வேலையில் இருந்தாய். உன் அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். போஸ்ட்மேனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்தேன். இந்த வருஷம் நீ ஓட்டிய போட்டிகளை வைத்து, மாநில அணிக்கான பயிற்சி முகாமுக்கு உன்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். மேட்டுப்பாளையத்தில் இருபது நாள். வந்து சேர வேண்டிய தேதி போட்டிருந்தது. உன் பெயரை நன்றாக எழுதியிருந்தார்கள், என் பெயரின் முதலெழுத்தோடு. வாசலில் நின்று இரண்டு முறை படித்தேன். பெருமையாக இருந்தது தயாளா, அதை மறைக்க மாட்டேன். அந்தப் பெருமையோடுதான் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டைம் ஆபீசுக்குப் போய், என் மேஜை டிராயரில் பழைய கார்டுகளுக்கு அடியில் போட்டுப் பூட்டினேன்.

பிறகு லிஸ்ட் வந்தது. உங்கள் செட்டில் முப்பதுக்கு மேல் பேர் இருந்தீர்கள், லிஸ்டில் ஐந்து பெயர்தான் இருந்தது. உன் பெயர் இல்லை. நான் கெஞ்சியதும் மறைத்ததும் எதற்கும் உதவவில்லை. அந்த லிஸ்டை நோட்டீஸ் போர்டில் போட்டவனே நான்தான். நாலு மூலையிலும் பின் குத்திவிட்டுத் திரும்பினால் நீங்கள் எல்லோரும் பின்னால் நிற்கிறீர்கள். நீ ஒரு முறை படித்தாய். என்னைப் பார்த்தாய். "பரவாயில்லப்பா" என்றாய். எனக்கு ஆறுதல் சொன்னாய்.

ஒரு மாதம் கழித்து ஏரிக்கரையில் உன்னோடு ஓட்டுகிற பையன் ஒருவன், "இன்னா மச்சான், கேம்ப்புக்கு ஏன் வர்ல? லெட்டர் போட்டாங்களே" என்று கேட்டிருக்கிறான். நீ நேராகப் போஸ்ட்மேனைத் தேடிப் போயிருக்கிறாய். பிறகுதான் வீட்டுக்கு வந்தாய். பகல் பதினோரு மணி இருக்கும். நான் ஷேவிங் செய்துகொண்டிருந்தேன்.

"எனக்கு எதனா லெட்டர் வந்துச்சாப்பா?"

"இல்லியே. இன்னா லெட்டர்?"

"ரிஜிஸ்டர் தபால்."

"வந்திருந்தா குடுக்க மாட்டனா?"

"போஸ்ட்மேன் நோட்டுல உன் கையெழுத்து கீதுப்பா."

அப்போதாவது தப்பு செய்துவிட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடியைப் பார்த்தபடியே, "ஆமாண்டா, நான்தான் எடுத்து வெச்சேன். சைக்கிள மெதிச்சா சோறு வந்துடுமா?" என்றேன். நீ சத்தம் போடவில்லை. உன் அம்மா அடுப்பங்கரையிலிருந்து வந்து நின்றாள். அவள் எதிரில்தான் நீ கேட்டாய். "லிஸ்ட்ல பேர் இல்லன்னு தெரிஞ்ச அப்பறமாவது குடுத்திருக்கலாமேப்பா. கேம்ப்புல போய் சேர அப்பவும் ரெண்டு நாள் இருந்துச்சு."

இந்த ஐந்து மாதமாக நான் அந்த இரண்டு நாளில்தான் இருக்கிறேன். லிஸ்ட் வரும் வரை மறைத்ததற்கு ஒரு காரணம் சொல்லலாம், என் பிள்ளையின் வேலைக்காகச் செய்தேன் என்று. அந்த இரண்டு நாளுக்கு ஒரு காரணமும் கிடையாது. டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பாய். கொடுத்தால், இத்தனை நாள் மறைத்தேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. உன் முன்னால் தலை குனிய மனசில்லாமல் உன் வாழ்க்கையை டிராயரிலேயே விட்டுவிட்டேன்.

மறுநாள் நான் முதல் ஷிப்டுக்குப் போன பிறகு, ஏரிக்கரைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நீ கிளம்பினாய். முதுகுப் பை கொஞ்சம் பெரிதாக இருந்ததை அவள் கவனித்திருக்கிறாள். கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்காக அவள் தன்னையே திட்டிக்கொள்கிறாள். அவளுக்கு இதில் என்ன பங்கு? எல்லாம் என்னுடையது.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை, இசக்கி மாடியிலிருந்து இறங்கி வந்தான். கையில் ஒரு போஸ்ட்கார்டு. "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டுத்தான் போனான் மாமா. ஆனா அத்தை கெடக்குத கெடையப் பாத்துட்டு சாப்பாடு எறங்க மாட்டேங்கு" என்றான். நீ மேட்டுப்பாளையத்தில் ஒரு உருளைக்கிழங்கு மண்டியில் மூட்டை தூக்குவதாக எழுதியிருந்தாய். ஷிப்ட் சார்ட் ஒன்றின் பின்பக்கத்தில் நீ வரைந்து வைத்த படத்தையும் இசக்கி காட்டினான். "நாலு மலை ரோடு மாமா. மேட்டுப்பாளையத்துல தொடங்கி கோத்தகிரி வழியா ஊட்டி ஏறணும். அங்கேருந்து கல்லட்டி எறங்கி மசினகுடி. அப்புறம் கூடலூர் போயி மறுபடியும் ஊட்டி ஏறணும். கடைசியா குன்னூர் வழியா கீழ எறங்கி, தொடங்குன எடத்துக்கே வந்து சேரணும். எல்லாம் ஒரே பகல்ல."

"எதுக்குடா?" என்று கேட்டேன்.

"கேம்ப்புல கடைசி நாளு அதத்தான் ஓட விடுவாவளாம். அதுல முடிச்சவனத்தான் டீமுக்கு எடுப்பாவ. இவன் ஞாயித்துக்கெழம தோறும் தனியா ஓடிப் பாக்கான்."

உன்னைக் கூப்பிட்ட இடத்துக்கே, கூப்பிட்டவர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, தனியாகப் போயிருக்கிறாய். யாரும் நேரம் குறிக்காத, யாரும் பார்க்காத ஒரு தேர்வை நீயே வைத்து நீயே எழுதிக்கொண்டிருந்தாய். அன்றைக்கே பஸ் ஏறினேன்.

ஞாயிறு காலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி மண்டியைக் கண்டுபிடித்தேன். அங்கிருந்த மேஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சைக்கிள்காரத் தம்பிங்களா? விடியறதுக்கு முந்தியே கெளம்பிருச்சுங்க. ஆனா இனி இங்க வராதுங்க. நேத்தே சொல்லிட்டு பையெல்லாம் எடுத்துட்டுப் போயிருச்சு. இன்னிக்கு கடைசியா ஒருக்கா சுத்திட்டு அப்படியே வேற பக்கம் போறன்னுது." எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. கூடலூரிலிருந்து கேரளாவுக்கும் போகலாம், மைசூருக்கும் போகலாம். அதற்கு முன்னால் உன்னைப் பிடிக்க வேண்டும். நீ கோத்தகிரி வழியாக ஏறிக்கொண்டிருப்பாய் என்று கணக்குப் போட்டு நான் குன்னூர் வழியாக ஊட்டிக்குப் போய், அங்கிருந்து மசினகுடிப் பஸ்ஸில் ஏறினேன். கல்லட்டி இறக்கத்தில் பஸ் முதல் கியரில் முனகிக்கொண்டு இறங்கியது. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பலகை, அதில் ஒரு எண். முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி, இந்த ரோட்டிலா என் பிள்ளை சைக்கிள் ஓட்டுகிறான் என்று உட்கார்ந்திருந்தேன்.

மலை இறங்கி முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. நடுவயது அம்மா ஒருவர் நடத்துகிறார். நீ ஞாயிறுதோறும் அங்கே நிறுத்தி டீயும் இரண்டு வாழைப்பழமும் சாப்பிடுவாயாம். உன்னைப் பற்றிச் சொன்னதும், "இப்ப வந்துடும், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போனது, இன்னொரு மணி நேரமும் போனது. வழக்கமாக வரும் நேரம் தாண்டிவிட்டது என்று அவருக்கும் கவலை வந்துவிட்டது. அப்போது மேலிருந்து ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஆட்கள் நிறைந்த ஜீப். டிரைவர் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி, "மேல வளைவுல ஒரு சைக்கிள் கவுந்து கெடக்குது. ஆளக் காணோம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அடுத்த பஸ் மத்தியானம்தான். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று டீக்கடைக்குப் பின்னால் நின்றது. கேட்டேன். "ஐயா, இந்த ரோட்ல யாரும் சைக்கிள்ல ஏற மாட்டாங்க" என்றார். "எம்புள்ள ஏறுவான்மா" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு போனேன். முதல் வளைவு வரை மிதித்தேன். இரண்டாவது வளைவில் எழுந்து நின்று மிதித்தேன். மூன்றாவதில் மூட்டு பிடித்துக்கொண்டது, கண் இருட்டியது, வண்டியோடு சாய்ந்தேன். அதற்கு மேல் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். லன்டானா முள்புதருக்குள் எதுவாவது பளபளத்தால் வண்டியைப் போட்டுவிட்டு இறங்குவேன். பார்த்தால் பாட்டில், தகரம். உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன், காது கொடுப்பேன், நடப்பேன். இந்த மாதிரி ஏற்றத்தில் நீ வாரா வாரம் மிதித்துக்கொண்டு போயிருக்கிறாய். ஏரிக்கரையை அளந்துகொண்டிருந்த கால்கள் என்ன செய்ய முடியும் என்று, நான் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. அதைப் பார்க்க எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கக் கூடாது.

கிட்டத்தட்ட பாதி ஏறியிருப்பேன். பலகையில் இருபத்திரண்டு என்று இருந்தது. மேலே ஒரு சத்தம் கேட்டது. பல்சக்கரம் சும்மா சுற்றும்போது வருகிற அந்தக் கரகரப்பு. வீட்டு வாசலில் எத்தனை நாள் கேட்டிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். மேல் வளைவிலிருந்து நீ வந்தாய். உடம்பு வண்டியோடு படுத்திருந்தது. இரண்டு கையும் பிரேக்கில். உயிரோடு இருந்தாய். முழங்கையில் சிராய்ப்பு, ரத்தம் காய்ந்திருந்தது. விழுந்திருக்கிறாய், ஜீப் போனபோது தண்ணீர் தேடி எங்கோ ஒதுங்கியிருப்பாய், பிறகு டியூப் மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாய். நான் ரோட்டோரம் சைக்கிளைப் போட்டுவிட்டு, "தயா" என்று கத்தினேன். நீ என்னைப் பார்த்தாய். ஒரு விநாடி, அவ்வளவுதான். பிரேக் கட்டை எரிகிற வாசனை என் முகத்தில் அடித்தது. வளைவில் திரும்பி மறைந்துவிட்டாய்.

அந்தச் சரிவில் சட்டென்று நிறுத்த முடியாது, நிறுத்தினால் தூக்கி எறிந்துவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். கீழே எங்காவது நிறுத்தி, வண்டியைச் சாய்த்துவிட்டு நடந்து ஏறி வருவாய் என்று அந்த வளைவிலேயே நின்றேன். நான் கீழே இறங்கிப் போய், நீ குறுக்கு வழியில் ஏறி வந்து, இருவரும் தவறிவிடக் கூடாதே என்று நகரவில்லை. வெயில் உச்சிக்கு வந்தது. போகிற வண்டிக்காரர்கள், யானை வரும் இடம், நிற்காதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நின்றேன்.

பிறகு கீழேயிருந்து ஒரு ஜீப் வந்து என் பக்கத்தில் நின்றது. "சைக்கிள எடுத்துப் பின்னால போடுங்க. ஏறுங்க. ஒங்க பையன் சொல்லி அனுப்பிச்சாரு" என்றான் டிரைவர். தயாளா, அந்த ஜீப்பில் இறங்கி வந்த நேரத்தில் இருந்த சந்தோஷம் நீ பிறந்த அன்றுகூட எனக்கு இருந்ததில்லை. உன்னைப் பார்த்ததும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில், ஒன்றும் பேச வேண்டாம், கையைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று முடிவு செய்தேன்.

கடை பெஞ்சு காலியாக இருந்தது.

அந்த அம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். நீ வந்து நின்றதும், "ஒங்கப்பா ரெண்டு மணி நேரமா ஒனக்காகக் காத்திருந்தாரு. நீ விழுந்துட்டதாக் கேட்டு மேல ஏறிப் போயிட்டாரு" என்று அவர் சொல்லியிருக்கிறார். நீ வண்டியை விட்டு இறங்கவில்லையாம். ஹேண்டிலில் தலையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தாயாம். பிறகு, "அவருக்கு எறக்கத்துல ஓட்டத் தெரியாதுக்கா. முட்டி வேற சரியில்ல. சைக்கிள்ல எறங்க வுட்றாதீங்க. எதனா வண்டிய நிறுத்தி ஏத்திக்கினு வரச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறாய். அவர் விடவில்லை. "நீயே இருந்து கூட்டிட்டுப் போயேன் சாமி" என்று கேட்டிருக்கிறார்.

"இருந்து பாத்தா, திரும்ப வூட்டுக்கே போயிடுவேன்கா" என்றாயாம். வழக்கமாகக் குடிக்கிற டீயைக்கூடக் குடிக்காமல் போய்விட்டாயாம்.

நான் கூடலூர் வரை போனேன். ராத்திரி மேட்டுப்பாளையத்துக்குத் திரும்பி, விடியும் வரை பாலத்துப் பக்கம் நின்றேன். நீ வரவில்லை. வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எளைச்சிக்கிறானா?" எனக்குப் பதில் தெரியவில்லை. உன்னை ஒரு விநாடிதான் பார்த்தேன், அதில் பாதி உன் முழங்கையில் போய்விட்டது. தெரியலை என்று சொன்னேன். அன்றுதான் அவள் என் எதிரில் அழுதாள்.

அதற்குப் பிறகு செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். டிராயரில் இருந்த அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் சங்கத்துச் செயலாளரைப் பார்க்கப் போனேன். பையன் வராததற்குக் காரணம் பையன் இல்லை, கடிதத்தை ஒளித்து வைத்தவன் நான் என்று வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் படித்து மடித்து வைத்தார். நன்றாகத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் லேசாக இருந்திருக்கும். "இவன் லீவு கெடைக்காம வரலன்னு நெனச்சி பேர அடிச்சிட்டேனே சார்" என்று மட்டும் சொன்னார். பிறகு, "வயசு இன்னும் இருக்கு. தை மாசம் மறுபடி தேர்வு வெக்கிறோம். வரச் சொல்லுங்க" என்றார். எங்கே போய்ச் சொல்வேன்? அதனால்தான் இங்கே சொல்கிறேன். தை மாதம். போய்விடு. எங்களிடம் வராமல் நேரே அங்கே போனாலும் சரி. உன் பெயரை மறுபடியும் எழுதியாகிவிட்டது, நானே என் கண்ணால் பார்த்தேன். யாராவது இதைப் படித்துவிட்டு, சைக்கிள் ஓட்டும் தயாளன் என்ற பையனைத் தெரியும் என்றால், அவனிடம் இந்த ஒரு வரியையாவது சொல்லுங்கள். அவன் மாநிறம், நல்ல உயரம், இடது முழங்கையில் இப்போது ஒரு தழும்பு இருக்கும்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் வயிறு காயப் போட்டு மிதிக்காதே. லாரிக்குப் பின்னால் போகாதே. இப்போது மலையில் மழைக்காலம், ரோடு வழுக்கும், பிரேக் கட்டையைத் தேய விடாதே. நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, அது உனக்குப் புரியாத ஒன்றின் மேல் ஆசைப்பட்டால், மாடிப்படி ஏறிப் போய் அதன் பக்கத்தில் ஒரு நாள் உட்கார். நான் செய்யாமல் விட்டது அதுதான். மற்ற தப்பெல்லாம் அதிலிருந்து வந்தவை.

மாதத்தில் இரண்டு ஞாயிறாவது நான் அந்த மலைக்குப் போய்விடுகிறேன். டீக்கடை அம்மாவுக்கு நான் பழகிவிட்டேன். மேலே போகிற ஏதாவது ஒரு வண்டியில் ஏற்றிவிடுகிறார். இருபத்திரண்டு என்று எழுதியிருக்கும் பலகைக்குப் பக்கத்தில் பாறை ஒன்று இருக்கிறது, அதில் உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை தடவையும் நீ வரவில்லை. நான் அங்கே இருப்பதால்தான் வேறு மலைக்குப் போய்விட்டாயோ என்றும் தோன்றுகிறது. அப்படியானால் ஒன்றை நம்பு. இனி நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேன். குறுக்கே வர மாட்டேன். உன்னை வீட்டுக்கு அழைத்துப் போக நான் அங்கே வரவில்லை. உன் அம்மா கேட்டதற்குப் பதில் தெரிந்துகொண்டு போகத்தான் வருகிறேன். நீ நிற்க வேண்டாம் தயாளா. இறங்கிப் போய்க்கொண்டே இரு. என்னைப் பார்த்தாலும் கையை மட்டும் தூக்கிவிடாதே. அந்த வளைவில் இரண்டு கையும் பிரேக்கில் இருக்க வேண்டும்.

உன்னை ஒரு விநாடி பார்த்த,
அப்பா